முறை வைத்து ஓடும் தண்ணீர்: பமுக்கலே வெண்படிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

துருக்கியில் வெந்நீர் ஊற்றின் சுண்ணாம்பு படிந்து உண்டான வெள்ளைப் படிகளும் குளங்களும் கொண்ட பமுக்கலேவுக்குப் போய்த் திரும்புகிறவர்களில் கணிசமானோர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். படத்தில் பார்த்த மாதிரி இல்லை, பாதிக்கு மேல் குளங்களில் தண்ணீரே இல்லை, இருக்கிற குளங்களும் யாரோ கட்டிவைத்தவை போலிருக்கின்றன. இந்தக் குறையில் உள்ள தகவல்கள் எல்லாம் சரிதான். எந்த நாளில் போனாலும் படிகளில் பெரும்பகுதி காய்ந்துதான் கிடக்கும். பயணிகள் கால் நனைக்கும் குளங்களும் மனிதர்கள் அமைத்தவைதான். ஆனால் அதை வைத்து 'இடம் கெட்டுப்போய்விட்டது, நம்மை ஏமாற்றுகிறார்கள்' என்று முடிவுகட்டுவது அநியாயம். படிகளை அப்படிக் காயவிடுவது வேண்டுமென்றே செய்யப்படுவது; ஒரு காலத்தில் பழுத்துப் பழுப்பாகிப்போன பாறைக்கு இன்றும் நடந்துவரும் வைத்தியம் அது.

கனிம ஊற்றுப் படிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உலகத்தில் பல இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பமுக்கலேவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சுற்றுலா ஓர் ஊற்றை எப்படிச் சிதைக்கும், சிதைந்ததை எவ்வளவு தூரம் மீட்க முடியும், மீட்டபின் அங்கே போகிறவர் எதைப் பார்க்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே மலைச்சரிவில் பதில் கிடைக்கிறது.

இடம்

தென்மேற்குத் துருக்கியில், டெனிஸ்லி நகரத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது பமுக்கலே. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு. அதன் விளிம்பிலிருந்து கீழே வழியும் வெள்ளைச் சரிவு. நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது பனி மூடிய குன்றாகத்தான் தெரியும்.

மேட்டின் மேலே ஹைராபோலிஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். பெர்கமோன் என்ற பழைய அரசை ஆண்ட அட்டாலிட் மரபினர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இதை வெந்நீர்க் குளியலுக்கான ஊராக நிறுவினார்கள். பின்னர் ரோமானியர் காலத்தில் பெரிதாக வளர்ந்தது. அரங்கம், குளியல் மண்டபங்கள், கோயில்கள், நகரத்துக்கு வெளியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட இடுகாடு எல்லாம் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. நோய் தீர வந்து, தீராமல் அங்கேயே அடக்கமானவர்களும் அந்த இடுகாட்டில் இருப்பார்கள் என்பதை அதைக் கடந்து நடக்கும்போது நினைக்காமல் இருக்க முடியாது.

1988-ல் ஹைராபோலிசையும் பமுக்கலேவையும் ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ இடம் கொடுத்தது. இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் சேர்த்துத் தரப்பட்ட இடம் அது. இந்த இரட்டைத் தகுதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. ஊற்றும் ஊரும் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று சார்ந்தே இருந்திருக்கின்றன.

கல் உண்டாகும் விதம்

மலையில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைகளின் விரிசல்கள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமி இங்கே பிளவுபட்ட பகுதி. அடிக்கடி நிலநடுக்கம் கண்ட பகுதி. ஆழத்தில் நீர் சூடாகிறது. அங்கே கரியமில வாயு அதனோடு கலக்கிறது. வாயு கலந்த நீர் லேசான அமிலத்தன்மை பெற்றுச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. அப்புறம் பிளவு வழியே மேலே ஏறி வெளியே வருகிறது. படிகளுக்கு வரும் நீர் சுமார் 35 டிகிரி வெப்பத்தில் இருக்கும்.

வெளியே வந்ததும் அழுத்தம் குறைகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு பொங்கி வெளியேறுவது போல இந்த நீரிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. வாயு போய்விட்டால் சுண்ணாம்பைக் கரைத்துவைத்திருக்கும் திறன் நீருக்கு இல்லை. கால்சியம் கார்பனேட் பிரிந்து அடியில் படிகிறது. புதிதாகப் படிந்தது கல்லாக இருக்காது. விரலால் தொட்டால் கூழ் மாதிரி நழுவும். நாளாக ஆக இறுகி டிராவர்டைன் என்ற கல்லாகிறது. பல இலட்சம் ஆண்டுகளாக இந்த வேலை நடந்துவருகிறது. டெனிஸ்லிப் பகுதியின் பழைய டிராவர்டைன் படுகைகளில் வெட்டியெடுக்கும் கல் இன்று உலகமெங்கும் வீட்டுத் தரைக்கும் சுவருக்கும் போகிறது.

சரி, சரிவு முழுக்க ஒரே பலகையாகப் படியாமல் ஏன் படிக்கட்டுகளாகவும் கிண்ணங்களாகவும் அமைகிறது? வாயு எங்கே வேகமாக வெளியேறுகிறதோ அங்கே படிவும் வேகமாக நடக்கும். நீர் ஆழமாகத் தேங்கியிருக்கும் இடத்தில் வாயு மெதுவாகத்தான் போகும். ஒரு மேட்டைத் தாண்டி மெல்லிய படலமாக வழியும் இடத்தில் நீர் குலுங்கும். காற்றோடு அதிகம் உரசும். வாயு சட்டென்று போய்விடும். அதனால் விளிம்பில் சுண்ணாம்பு கூடுதலாகப் படிகிறது. விளிம்பு உயர்கிறது. உயர்ந்த விளிம்பு அதிக நீரைத் தேக்குகிறது. தற்செயலாகக் கிடந்த ஒரு சிறு மேடு தானாகவே கரையாகி, கரை தானாகவே வளர்ந்து குளமாகிறது. யாரும் திட்டமிடாமல் இப்படி ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்ததை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு குறையவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வெளிப்படுகின்றன. நீர் ஊற்றிலிருந்து வெளியேறிய கொஞ்ச தூரத்துக்குள் தன் சுண்ணாம்பில் பெரும்பகுதியை இறக்கிவிடும்; வழியில் தாமதித்தால் படிகளுக்கு வந்து சேரும்போது அது வெறும் வெந்நீராகிவிட்டிருக்கும். இன்னொன்று, நீர் போகாத இடத்தில் புதிய கல் வளராது. பழைய கல் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து மங்கும். ஆக, நீரை யார் எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதுதான் எந்தப் படி வெள்ளையாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பழங்காலத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஹைராபோலிஸ் பற்றி எழுதியிருக்கிறார்: தோட்டங்களையும் திராட்சைக் கொல்லைகளையும் சுற்றி வாய்க்கால் வெட்டி வெந்நீரை விடுகிறார்கள், ஓராண்டில் அது கல்லாகிவிடுகிறது, அதையே வேலியாக வைத்துக்கொள்கிறார்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோவும் இதே வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மனிதன் திருப்பிவிட்ட நீரில் வளர்ந்த கல் அந்த ஊரில் புதிய சங்கதியே இல்லை. 'இந்தக் குளம் இயற்கையா, செயற்கையா' என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப்பார்க்க வேண்டும்.

சிதைவு

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுற்றுலா வந்தது. மேட்டின் மேலேயே, இடிபாடுகளின் மீதும் ஊற்றுகளை ஒட்டியும் விடுதிகள் எழுந்தன. வந்து தங்குகிறவர்களுக்கு அறையை விட்டு இறங்கினால் வெந்நீர்க் குளம் வேண்டும். எனவே ஊற்று நீர் முதலில் விடுதிக் குளங்களுக்குப் போனது. மிஞ்சியதும், குளித்து முடித்து வெளியேற்றியதும்தான் சரிவுக்கு வந்தது.

மேலே சொன்ன கணக்கைப் பொருத்திப்பாருங்கள். குளத்தில் தேங்கிய நீர் வாயுவை இழந்துவிடும். சுண்ணாம்பில் ஒரு பகுதியைக் குழாயிலும் தொட்டியிலும் இறக்கிவிடும். அதற்குப் பதிலாகச் சோப்பும் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்துவிடும். அந்த நீர் சரிவில் விழும்போது வெள்ளைக் கல் வளரத் தேவையானது அதில் குறைவு. பாசி வளரத் தேவையானது நிறைய. படிகள் பழுப்பாகவும் பச்சையாகவும் மாறின. நீர் வராத பகுதிகள் சாம்பல் பூத்தன.

இது போதாதென்று சமவெளியிலிருந்து மேட்டுக்கு ஏறச் சரிவின் குறுக்கே சாலை போட்டார்கள். வெள்ளைப் படிவின் மேலேயே வண்டிகள் ஏறி இறங்கின. மோட்டார் சைக்கிள்களுக்கும் தடை இல்லை. மக்கள் செருப்போடு எங்கு வேண்டுமானாலும் நடந்தார்கள். எந்தக் கிண்ணத்தில் வேண்டுமானாலும் இறங்கிக் குளித்தார்கள். புதுப் படிவு கூழாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அது இறுகுவதற்குள் ஒரு காலணி பட்டாலே அந்த இடத்தில் பல மாத வேலை நசுங்கிப்போகும். உடையும் விளிம்பு ஒவ்வொன்றும் அதற்குக் கீழே இருக்கும் கிண்ணத்தையும் பட்டினி போடும், ஏனென்றால் நீர் அந்த உடைப்பு வழியாகவே ஓடிவிடும்.

இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்வதில் பொருள் இல்லை. அந்தக் காலத்தில் வெந்நீர் ஊற்று என்றால் குளிப்பதற்கு என்றுதான் உலகம் முழுக்க நினைத்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதைப் பார்க்க மக்கள் வந்தார்களோ அதை உண்டாக்கும் நீரையே அவர்களுடைய வசதிக்காகத் திருப்பிவிட்டார்கள். விடுதிக்காரருக்கும் விருந்தாளிக்கும் அது சில ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் பட்டது, சரிவு வெள்ளையாக இல்லாமல் போனபோது.

மீட்பு

உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் பாதுகாப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மேட்டின் மேலிருந்த விடுதிகள் அகற்றப்பட்டன. தங்கும் இடங்கள் எல்லாம் கீழே பமுக்கலே ஊருக்கும் அருகிலுள்ள காரஹயித்துக்கும் போயின. சரிவின் குறுக்கே போட்ட சாலை மூடப்பட்டது.

சாலையை என்ன செய்வது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாரையும் ஜல்லியையும் எடுத்துவிட்டால் வெள்ளைச் சரிவின் நடுவே வெட்டுக்காயம் போல ஒரு தடம் மிஞ்சும். அதை அப்படியே விட்டால் இயற்கை மூட எத்தனை தலைமுறை ஆகும் என்று தெரியாது. எனவே சாலை போன பாதையிலேயே தாழ்வான கரைகள் கட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகக் குளங்கள் அமைத்து, அவற்றில் ஊற்று நீரை விட்டார்கள். நீர் தன் வேலையைச் செய்தது. கட்டிய கரைகளின் மேல் சுண்ணாம்பு படிந்து வெள்ளை மூடியது. இன்று பயணிகள் வெறுங்காலோடு ஏறி இறங்கும் பாதை அதுதான். போலிக் குளம் என்று குறைப்பட்டுக்கொள்ளும் குளங்களும் இவைதான். நடப்பதற்கு ஒரு தனிப்பாதை, நனைவதற்கு அதே பாதையில் குளங்கள். அதனால் பக்கத்தில் உள்ள இயற்கைப் படிகளில் கால் வைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போனது. கெட்டுப்போன இடத்தையே தடுப்பரணாக மாற்றிய யோசனை இது. இதைப் புரிந்துகொண்டு அந்தப் பாதையில் நடப்பதற்கும் புரியாமல் நடப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அடுத்தது நீர்ப் பங்கீடு. ஹாசெட்டெப்பே பல்கலைக்கழகத்தின் நீர்நிலவியல் ஆய்வாளர்கள் ஊற்றுகளையும் படிவையும் அளந்து ஆராய்ந்தார்கள். எல்லாப் படிகளிலும் எப்போதும் நீர் ஓட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அதற்குப் போதுமான நீர் கிடையாது. இருந்தாலும் அது நல்லதும் கிடையாது. இடைவிடாமல் ஈரமாக இருக்கும் வெதுவெதுப்பான பாறையில் பாசி பிடிக்கும். நீரை நிறுத்திச் சில நாள் வெயிலில் காயவிட்டால் பாசி செத்துவிடும், புதிய படிவு இறுகும், வெளுக்கும். பிறகு மறுபடி நீர் விட்டால் அந்தக் கெட்டியான தளத்தின் மேல் அடுத்த அடுக்கு படியும். எனவே சரிவைப் பகுதிகளாகப் பிரித்து, மேட்டின் விளிம்பு நெடுக வாய்க்கால் அமைத்து, ஒரு பகுதிக்கு நீர் விட்டு அதை நிறுத்தி அடுத்த பகுதிக்குத் திருப்பும் முறை வந்தது. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதுதான்; இங்கே விளைவது கல்.

நேற்று நீலக் குளங்களாகத் தெரிந்த பகுதி இன்று வறண்ட வெள்ளைக் கிண்ணங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு வாய்த்த நாளில் எந்தப் பகுதியின் முறை என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் எடுத்த படத்தைக் காட்டி 'இந்தக் குளம் எங்கே' என்று கேட்டால், அது உங்கள் கண் முன்னாலேயே இருக்கும், காய்ந்துகொண்டு.

பாதையில் நடக்கும்போது

கீழ் வாயிலில் நுழைந்து கொஞ்சம் ஏறியதும் ஓர் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். அதற்கு மேல் வெறுங்கால்தான். காவலர்கள் கையில் ஊதல் இருக்கும். யாராவது செருப்போடு நின்றாலோ கயிற்றைத் தாண்டினாலோ உடனே ஊதல் சத்தம் கேட்கும். அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சத்தம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று மேலே படித்துவிட்டோம்.

முதல் சில அடிகள் கூச்சமாக இருக்கும். பார்க்க வழவழப்பாகத் தெரியும் வெள்ளைத் தரை உண்மையில் சொரசொரப்பானது. அலையடித்த மணல் மாதிரி வரிவரியாக, விரல் அகல இடைவெளியில் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு வரியும் குட்டிக் கரை. நீர் அதைத் தாண்டும்போது நிமிடத்துக்கு நிமிடம் சுண்ணாம்பை இறக்கிக்கொண்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் பெரிய படிகளின் வடிவம் அப்படியே உள்ளங்கை அளவில் தெரியும். மென்பாதம் உள்ளவர்களுக்கு இந்த வரிகள் குத்தும், உண்மையாகவே வலிக்கும். நீர் ஓடும் இடத்தில் சொரசொரப்பு இருப்பதால் வழுக்காது. வழுக்குவது எங்கே என்றால், நீர் தேங்கி ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கும் இடங்களில். அங்கே பாசி இருக்கும். நிறத்தைப் பார்த்துக் கால் வைக்கக் கற்றுக்கொண்டால் விழ மாட்டீர்கள்.

குளத்தில் இறங்கினால் அடியில் வெள்ளைச் சேறு. கணுக்காலுக்கு மேல் மாவு மாதிரி மெத்தென்று ஏறும். இதுதான் இன்னும் கல்லாகாத கல். பாதையோரம் ஓடும் வாய்க்காலில் கையை வைத்துப்பார்த்துவிட்டுக் கீழே உள்ள குளத்திலும் வைத்துப்பாருங்கள். மேலே வெதுவெதுப்பு, கீழே போகப்போக ஆறிவிடும். ஊற்றிலிருந்து தூரம் கூடக்கூட வெப்பமும் வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்தே குறைகின்றன என்பதை இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது.

அதே கரியமில வாயுவின் இன்னொரு முகத்தையும் மேலே பார்க்கலாம். ஹைராபோலிசில் புளூட்டோனியன் என்ற இடம் உண்டு. பாதாள உலகத்தின் வாசல் என்று பழையவர்கள் நம்பிய குகை வாய். உள்ளே விட்ட குருவிகள் உடனே செத்து விழுந்தன என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். காளைகளை உள்ளே ஓட்டிச் சாகக் கொடுத்த சடங்கும் அங்கே நடந்திருக்கிறது. உடன் போன பூசாரிகள் மட்டும் பிழைத்துத் திரும்பினார்கள். 1957 முதல் அங்கே அகழாய்வு செய்துவரும் இத்தாலியக் குழு, பிரான்செஸ்கோ த'ஆந்திரியா தலைமையில் அந்த வாசலை அடையாளம் கண்டதாக 2013-ல் அறிவித்தது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது; பிளவிலிருந்து வெளியேறித் தரையோடு தரையாகத் தங்கிவிடும். தாழ்ந்து நிற்கும் விலங்கு மூச்சடைத்துச் சாகும். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் மூக்கு அதற்கு மேலே இருக்கும். வெள்ளைப் படிகளைக் கட்டுகிற அதே வாயு, சில நூறு அடி தள்ளி ஒரு மதத்தின் அச்சத்தையே கட்டியிருக்கிறது.

இன்னும் தீராதவை

மீட்பு வெற்றியா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். சரிவு மறுபடி வெளுத்திருக்கிறது. வண்டிகள் இல்லை. ஆனால் முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

கூட்டம் குறையவில்லை. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். செருப்பு இல்லாவிட்டாலும் கால்கள் கால்கள்தான். உடம்பில் பூசிய வெயில் தடுப்புக் களிம்பு நீரில் கரைந்துதான் போகிறது. மனிதர்கள் அமைத்த குளங்கள் அந்தச் சுமையைத் தாங்குகின்றன, அதற்காகத்தான் அவை அமைக்கப்பட்டன. ஆனாலும் கோடைக்கால மதியத்தில் அந்தக் குளங்களின் நீரைப் பார்க்கும்போது, இதில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் பாதையில் இருக்கலாம் என்று வரம்பு வைப்பது நல்லது என்பது என் கருத்து.

மேலே பழங்காலக் குளம் ஒன்று இன்னும் குளிக்கத் திறந்திருக்கிறது. நிலநடுக்கத்தில் சரிந்த ரோமானியத் தூண்கள் அடியில் கிடக்க, வெந்நீரில் மிதக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம். கிளியோபாட்ரா குளித்த குளம் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்குச் சான்று எதுவும் இல்லை. அழகான குளம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீர் முதலில் மனிதனுக்கு, மிச்சம் பாறைக்கு என்ற பழைய வரிசையின் கடைசி மிச்சமாகவே எனக்கு அது தெரிகிறது.

மற்ற இடங்களோடு வைத்துப் பார்த்தால்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் மம்மத் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற படிகள் இதே சுண்ணாம்பு வேதியியலில் உண்டானவை. அங்கே மரப்பாதையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தொடக்கூடாது. நீரை யாரும் திருப்புவதும் இல்லை. பூமிக்கடியில் வழி அடைபட்டால் ஊற்று தானாக இடம் மாறும். நேற்று வரை வழிந்த படி வறண்டு சாம்பலாகும். வேறு பக்கம் புதுப் படி பிறக்கும். அங்கேயும் 'காய்ந்துவிட்டதே' என்று வருந்துகிறவர்கள் உண்டு. அங்கே காயவைப்பது பூமி, பமுக்கலேவில் மனிதன். பயணிக்குக் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒன்றுதான்.

சீனாவின் ஹுவாங்லொங் பள்ளத்தாக்கில் நீர் குளிர்ந்தது, அங்கேயும் மரப்பாதைதான், இறங்க அனுமதி இல்லை. இன்னொரு கோடியில் ஹங்கேரியின் எகெர்சாலோக். 1961-ல் போட்ட ஆழ்துளையிலிருந்து பீறிட்ட வெந்நீர் சரிவில் வழிந்து ஒரு வெள்ளைக் குன்றையே கட்டிவிட்டது. மனிதன் துளை போட்டிருக்காவிட்டால் அந்தக் குன்று இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு அடுக்கும் இயற்கையின் படிவுதான். பமுக்கலேவின் குளங்களைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் குன்றை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

நியூசிலாந்தின் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இருந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிகள் வேறு வகை. சுண்ணாம்புக்குப் பதில் சிலிக்கா படிந்து உண்டானவை. 19-ஆம் நூற்றாண்டில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பயணிகள் கப்பலேறி வந்து பார்த்தார்கள். மாவோரி வழிகாட்டிகள் படகில் அழைத்துப்போனார்கள். வந்தவர்களில் சிலர் படிகளில் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டும் போனார்கள். 1886 ஜூன் 10 அன்று தாராவெரா எரிமலை வெடித்தது. படிகள் மக்கள் பார்வையிலிருந்து மறைந்தன. எரிமலையைத் தடுக்க யாராலும் முடியாது. பெயரைக் கிறுக்காமல் இருக்க முடியும்.

போகிறவர்களுக்கு

மூன்று வாயில்கள் உண்டு. கீழ் வாயில் பமுக்கலே ஊரிலிருந்து நேராக வெள்ளைப் பாதையில் ஏறுகிறது. தெற்கு வாயில் மேட்டின் மேலேயே கொண்டுபோய் விடும். அங்கிருந்து படிகள் பக்கம்தான். வடக்கு வாயில் இடுகாட்டு வழியாக நீண்ட நடை. படிகளை மட்டும் பார்க்க வருகிறவர்கள் கீழ் வாயிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்குச் சரியென்று படுவது வடக்கு வாயில். இடுகாடு, நகரத் தெரு, அரங்கம், ஊற்று, கடைசியில் படிகள் என்று நடந்தால் நீர் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்பது கால் வழியாகவே புரிந்துவிடும். அப்புறம் படிகளில் இறங்கி ஊருக்குப் போய்விடலாம். செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு பை கையில் இருக்கட்டும். ஏறிய இடத்திலேயே இறங்கப்போவதில்லை என்பதால் விட்டுவிட்டுப் போக முடியாது.

சரிவு தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு, ஆனால் படிகள் மேட்டின் நிழலில் இருக்கும்; நீலம் எடுபடாது. மாலை வெளிச்சம்தான் படிகளுக்கு அழகு, கூட்டமும் அப்போதுதான். நடுப்பகலில் வெள்ளைப் பாறை வெயிலைக் கண்ணுக்குள்ளேயே திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் நீர் இருக்கும் இடம் இதமாகவும் நீர் இல்லாத பாறை பனிக்கட்டி போலவும் இருக்கும். ஈரக்காலோடு அந்த வறண்ட பகுதிகளைக் கடப்பது சிரமம். குழந்தைகளுடன் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். குளிக்க நினைப்பவர்கள் களிம்பு எதையும் பூசாமல் இறங்கினால் நல்லது; வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே போதும்.

மேட்டுக்குப் போனதும் விளிம்பை ஒட்டிய பலகைப்பாதையில் ஒருமுறை கடைசி வரை நடந்துபாருங்கள். எந்தப் பகுதியில் நீர் ஓடுகிறது, எந்தப் பகுதி காய்கிறது என்று அங்கிருந்து தெரிந்துவிடும். காவலரிடம் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார். அதன்பிறகு எங்கே நேரம் செலவிடுவது என்று முடிவு செய்யலாம். பழைய ரோமானியக் குளியல் மண்டபத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டாம். சாயங்காலம் மூடிவிடும் என்பதால் அதை முதலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

நேரம் மிச்சமிருந்தால் சில கிலோமீட்டர் வடக்கே காரஹயித்துக்குப் போங்கள். அங்கே ஊற்று நீரில் இரும்பு அதிகம். பாறை செம்மண் நிறத்தில் இருக்கும். நீரும் பமுக்கலேவைவிடச் சூடு. இடம் சிறியது, பெரிய காட்சி என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரே சமவெளியின் ஓரத்தில், நீரில் கரைந்திருப்பது சற்று மாறினால் கல்லின் நிறம் எப்படி அடியோடு மாறுகிறது என்று பார்க்க அரைமணி நேரம் அங்கே செலவிடலாம்.